முத்துக்குமார் குவைத்தில் இருக்கிறார்

காந்தி ரோட்டில் நான் வேலை செய்த பட்டுக்கடைக்கு நான்கு மாடி. இரண்டாவது மாடி முழுக்க முகூர்த்தப் பட்டு. மெத்தை விரிப்பில் உட்கார்ந்துகொண்டு கல்யாண வீட்டாருக்குப் புடவை எடுத்துப் போடுவதுதான் என் வேலை. துர்காவுக்கு நல்ல கை என்று எனக்குக் கடையில் பெயர். வருகிற கூட்டத்தில் யாராவது ஒரு அத்தையோ சித்தியோ கட்டாயம் கேட்பார்கள், "சுமங்கலி கையால மொதப் பொடவைய எடுத்து வைம்மா" என்று. நான் அலமாரியிலிருந்து ஒரு புடவையை எடுத்துக் கல்யாணப் பெண்ணின் மடியில் வைப்பேன். பில் போட்டு முடிந்ததும் எனக்குக் குங்குமமும் வெற்றிலை பாக்கும் கொடுத்துவிட்டுப் போவார்கள். இதை யாரும் விதியாக எழுதி வைக்கவில்லை. ஆனால் அந்த மாடியில் உட்காருகிறவளுக்குப் புருஷன் இருக்க வேண்டும் என்பது இந்த ஊரில் பட்டு விற்கிற எல்லோருக்கும் தெரியும்.

தை மாதக் கடைசியில் என் கணவர் முத்துக்குமார் செத்துப்போனார். காலமானார், தவறிவிட்டார் என்றெல்லாம் மரியாதையாகச் சொல்லலாம். எனக்கு இப்போது அதைப் பச்சையாகச் சொல்வதில் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. அது வரக் காரணம் கடைதான்.

காரியமெல்லாம் முடிந்து மாசியில் வேலைக்குத் திரும்பினேன். என்னைக் குடோனுக்கு மாற்றிவிடுவார்கள் என்று தெரிந்தேதான் போனேன். குடோன் பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறது. கல்யாணக் கூட்டத்தின் கண்ணில் படக்கூடாதவர்களுக்குக் கடை ஒதுக்கி வைத்திருக்கும் இடம் அது. ஆனால் ஹெச்.ஆர். வசந்த் என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னான். சென்னைப் பையன், தன்மையாகப் பேசுவான். மாடிப் பொறுப்பாளர் ரேவதியும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"உங்கள மாத்தப்போறதில்லக்கா. நீங்க செகண்ட் ஃப்ளோர்லயே இருக்கணும்னு முதலாளி ஸ்ட்ரிக்டா சொல்லிட்டாரு. அந்தக் காலம் மாதிரி நாம நடந்துக்க முடியாது, இல்ல? பொட்டு, பூ எல்லாம் எப்பவும் போல வெச்சுக்கோங்க. கழுத்துல ஒரு செயின் இருந்தா போதும்."

"கஸ்டமர் கேட்டா இன்னா சொல்றது தம்பி?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். நாங்க பொய் சொல்லச் சொல்லலையே. சும்மா இருந்தா போதும்."

உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொட்டும் பூவும் நான் பிறந்ததிலிருந்து வைத்துக்கொள்வது. அதை எடுக்கச் சொன்ன நாத்தனாரிடம் எழவு வீட்டிலேயே சண்டை போட்டவள் நான். சொந்தக்காரர்களுக்கு இல்லாத புத்தி கடைக்கு இருக்கிறதே என்று நினைத்தேன். மகள் கீர்த்தி கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த மாடியும் வேண்டும், அந்தப் பெயரும் வேண்டும்.

மெத்தையில் போய் உட்காருவதற்குள் கடையின் வாட்ஸாப் குரூப்பில் செய்தி வந்துவிட்டது. "அன்பான குடும்ப உறுப்பினர்களே! நமது துர்கா விடுப்பு முடிந்து மீண்டும் நம்முடன் இணைகிறார். அவரது தனிப்பட்ட விஷயங்களைப் பணியிடத்தில் பேசுவதைத் தவிர்த்து, பாசிட்டிவான சூழலைப் பேணுவோம்." கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். என் பக்கத்தில் உட்காரும் ஜெயம்மாள், என் டிபன் பாக்ஸில் உரிமையாகக் கைவிடுகிறவள், என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள். அப்புறம் மூடிக்கொண்டு, "வெயில் இப்பவே ஆரம்பிச்சிடுச்சிபா" என்றாள். மாசி மாதத்தில் என்ன வெயில்?

பங்குனியில் வாலாஜாபாத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கல்யாணப் பெண் நதியா, அவள் அம்மா மஹாலட்சுமி, ஒரு அத்தை, இன்னும் நாலைந்து பேர். அத்தைதான் தலைமை தாங்கினாள். நான் அரக்குக் கலரில் மயில்கண் கரை போட்ட புடவை ஒன்றைக் கையில் எடுத்திருந்தேன். அத்தை என் கழுத்தைப் பார்த்தாள், வெறும் செயின்.

"வூட்டுக்காரர் இன்னா பண்றாருமா?"

சும்மா இருந்தால் போதும் என்று வசந்த் சொன்னது சரிதான். ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால் சும்மா இருப்பதே பதில் ஆகிவிடும் என்று கண்ணாடி அறையில் யாருக்கும் தோன்றவில்லை. நான் கையிலிருந்த புடவையின் மடிப்பைப் பிரிக்க ஆரம்பித்தேன். பின்னாலிருந்து ரேவதியின் குரல் வந்தது.

"அவரு குவைத்துல இருக்காரும்மா. கம்பெனி வேல. இவுங்க தாலிய ஏதோ வேண்டுதல்னு வூட்ல வெச்சிருக்காங்க."

அத்தை முகம் மலர்ந்துவிட்டது. நான் புடவையை நதியாவின் மடியில் வைத்தேன். அந்தப் பெண் அதைத் தடவிப் பார்த்துவிட்டு வேறு எதையும் பார்க்க மாட்டேன் என்றுவிட்டாள். போகும்போது மஹாலட்சுமி என் நெற்றியில் குங்குமம் இட்டு, "அவரு நல்லபடியா வந்து சேரட்டும்" என்றாள். நான் தலையாட்டினேன்.

சாயங்காலம் குரூப்பில் ரேவதிக்குப் பாராட்டு. சிக்கலான கேள்வியைப் புன்னகையோடு கையாண்டாராம். மறுநாள் காலைக் கூட்டத்தில் வசந்த், "இனிமே யார் கேட்டாலும் எல்லாரும் ஒரே பதில் சொல்லணும். ஆளுக்கு ஒண்ணு சொன்னா நம்ம பேர் கெட்டுடும். குவைத், அவ்வளவுதான்" என்றான். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ரேவதி மட்டும் பிற்பாடு காபி வாங்கிக் கொடுத்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அந்த நேரத்தில் என்னைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருப்பாள்.

அதற்குப் பிறகு முத்துக்குமார் குவைத்தில் நன்றாக வாழ ஆரம்பித்தார். முதலில் கம்பெனி வேலை. கீழ்மாடிப் பெண் ஒருத்தி அவரை சூப்பர்வைசர் ஆக்கினாள். ஜெயம்மாள் வாயில் அவர் தீபாவளிக்கு ஊருக்கு வருவதாக இருந்தார். உயிரோடு இருந்தவரை வாலாஜாபாத்தைத் தாண்டாத மனுஷன். ஐயம்பேட்டை ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டு, ஒரு சவாரிக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் எனக்கு போன் போட்டு "இன்னா சாப்ட்ட?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர். ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் அவரை விமானம் ஏற்றி அனுப்ப, ராத்திரி வீட்டுக்குப் போய் நான் அவரை மறுபடி சாகடிக்க வேண்டியிருந்தது. எனக்கு அலுத்துவிட்டது. அழக்கூட முடியாத அளவுக்கு அலுத்துவிட்டது.

சித்திரைக் கடைசியில் மஹாலட்சுமி தனியாக வந்தாள். பையிலிருந்து மஞ்சள் தடவிய பத்திரிகையை எடுத்து வெற்றிலை பாக்கோடு நீட்டினாள். மேலே பேனாவால் எழுதியிருந்தது: திரு. முத்துக்குமார், திருமதி துர்கா. "அவரு பேரு இன்னான்னு கீழ பில் போடுற பொண்ணுகிட்ட கேட்டு எழுதிக்கினேன். அவரு வர முடியாது, தெரியும். போன்ல சொல்லிடு. நீ கட்டாயம் வரணும்மா. உன் கையால வாங்கின பொடவ."

பத்திரிகையை வாங்கக் கை போகவில்லை. என் கணவர் பெயருக்கு முன்னால் ஒரு திரு போட்டு, அழகான கையெழுத்தில், அவ்வளவு அன்பாக யாரும் எழுதியதே இல்லை. அவளை அங்கிருந்து எழுப்பி மாடிப்படி ஓரத்துக்குக் கூட்டிப்போனேன்.

"அவரு குவைத்துல இல்லம்மா. தை மாசமே செத்துட்டாரு."

மஹாலட்சுமி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னிக்கே ஏம்மா சொல்லல?"

"சொல்லியிருந்தா என் கையால வாங்கியிருப்பீங்களா?"

அவள் யோசித்தாள். மழுப்பவில்லை. "மாட்டேன்" என்றாள். "தப்போ ரைட்டோ, எனக்கு மனசு வராது. ஆனா அது நான் முடிவு பண்ண வேண்டியது இல்லையா?"

எனக்கு அவள்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவ்வளவு நாளில் அந்த விஷயத்தைப் பற்றி என்னிடம் நேராகப் பேசிய முதல் ஆள் அவள்தான். "புடவைய மாத்தித் தரச் சொல்றேன், கடையில ஒத்துக்குவாங்க" என்றேன்.

"வேணாம். நதியா அதத்தான் கட்டுவேன்னு கெடக்குறா. இப்ப போய் மாத்தினா ஏன் இன்னான்னு கேப்பா. மாப்ள வூட்டுக்குத் தெரிஞ்சிடும்." எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். பத்திரிகையைப் பைக்குள் திரும்ப வைக்கப்போய், நிறுத்தி, என் கையிலேயே கொடுத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கல்யாணம் முடியற வரைக்கும் அவரு குவைத்துலயே இருக்கட்டும்மா. யாருகிட்டயும் சொல்லிக்கினு இருக்காத."

சரி என்றேன். வேறென்ன சொல்ல? அந்தப் பெண்ணின் கல்யாணத்தைக் கெடுக்க எனக்கு என்ன வந்தது. அவள் இறங்கிப் போனதும் கண்ணாடி அறைக்குப் போனேன்.

"என்னைக் குடோனுக்கு மாத்திடுங்க தம்பி."

வசந்த் பதறிவிட்டான். "ஏன்கா? யாராவது தப்பாப் பேசினாங்களா?"

"யாரும் பேசல. அவரு செத்துட்டாரு. என்னால தெனம் அவர குவைத்துக்கு அனுப்பிக்கினு இருக்க முடியாது."

"உங்க மனசு கஷ்டப்படக்கூடாதுன்னுதானேக்கா நாங்க அதப் பத்திப் பேசறதே இல்ல."

அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. கண்கூடக் கலங்கியிருந்தது. குடோனுக்கு ஆள் விரும்பிக் கேட்டது இதுதான் முதல் தடவையாம், முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று தவித்தான். மறுநாள் குரூப்பில், "புதிய பொறுப்பை ஏற்கும் துர்காவுக்கு வாழ்த்துகள்" என்று வந்தது. நாற்பது பேர் கைதட்டியிருந்தார்கள்.

குடோனில் லோகாம்பாள் அம்மா புடவைக்கு மடிப்பு மாற்றிக்கொண்டிருந்தார். பட்டை ஒரே மடிப்பில் வைத்தால் ஜரிகை முறிந்துவிடும். பட்டன் போன் வைத்திருப்பவர். எந்தக் குரூப்பிலும் இல்லாதவர். எதிரில் உட்காரச் சொல்லி ஒரு புடவையின் மறுமுனையை என்னிடம் கொடுத்தார்.

"வூட்டுக்காரர் இன்னா பண்றாரு?"

"செத்துட்டாரும்மா."

புடவையைப் பிடித்திருந்த அவர் கை நின்றுவிட்டது. "அய்யய்யோ. எப்பம்மா? எப்படி?"

சொன்னேன். ஐயம்பேட்டைக்குப் போகும் வழியில் நெஞ்சு வலித்ததும் வண்டியை ஓரங்கட்டியிருக்கிறார். ஏறியிருந்தவர்களைப் பின்னால் வந்த வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். யாரிடமும் காசு வாங்கவில்லை. அப்புறம்தான் ஹேண்டில்பாரில் தலையை வைத்திருக்கிறார். இதைக் கடையில் ஒருவருக்குக்கூட நான் சொன்னதில்லை. சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது. லோகாம்பாள் அம்மா சட்டென்று புடவையை என் கையிலிருந்து வாங்கித் தள்ளி வைத்தார். பட்டில் கண்ணீர் பட்டால் கறை போகாது.

"இப்ப அழு" என்றார்.