பதினாறாம் பதிப்பின் குறிப்பு

"நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டது." பதினோரு வருடமாக இந்த வரியைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். விசிறி தாறுமாறாகச் சுற்றியதைச் சரிசெய்தாலும் இதுதான், திரையில் கம்பெனிச் சின்னத்தைப் பெரிதாக்கினாலும் இதுதான். கை கூசாமல் தட்டினேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் எழுதுவது ஃபர்ம்வேர். கணினியைப் போட்டதும் மதர்போர்டுக்குள் முதலில் எழுந்து, பிராசசருக்கு இவ்வளவு மின்சாரம், மெமரிக்கு இவ்வளவு வேகம் என்று பங்கு போடுகிற நிரல். புதுப் பதிப்பு வந்தால் ஆட்கள் இறக்கிப் போட்டுக்கொள்வார்கள். போடலாமா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்வது அந்த ஒற்றை வரிக் குறிப்பை வைத்துத்தான்.

பதினான்காம் பதிப்பில் நான் ஒரு எண்ணை மாற்றினேன். மாற்றச் சொன்னவர் எங்கள் மேலாளர் காவ். மெமரியை எட்டாயிரம் வேகத்தில் ஓட்டினால் எங்கள் போர்டு தடுமாறியது, போட்டிக் கம்பெனியின் போர்டு ஓடியது, அடுத்த வாரம் ஒப்பீட்டுப் பட்டியல் வெளிவரப் போகிறது என்று மனுஷன் குதித்தார். பிராசசருக்குள் மெமரியோடு பேசுகிற பகுதிக்கு 1.25 வோல்ட் போய்க்கொண்டிருந்தது. அதை 1.42 ஆக்கினேன். வாங்கியவர்களின் திரையில் 'ஆட்டோ' என்று மட்டும் தெரியும். பட்டியலில் முதலிடம் வந்தோம். காவ் எல்லாருக்கும் வறுத்த கோழியும் முத்துப் பால் தேநீரும் வாங்கிக் கொடுத்தார். வெட்கமில்லாமல் நானும் குடித்தேன்.

இரண்டே மாதத்தில் செத்த பிராசசர்கள் திரும்பி வரத் தொடங்கின. ஒவ்வொன்றின் அடியிலும் சுண்டுவிரல் நகமளவு பழுப்புக் கறை. ஏழாவது வந்த அன்றைக்கே உட்கார்ந்து பதினைந்தாம் பதிப்பை எழுதினேன். பழையபடி 1.25, அதற்கு மேல் ஏறாதபடி பூட்டு. மெமரி ஏழாயிரத்து அறுநூறுக்கு மேல் ஓடாது, பிராசசர் பிழைக்கும். குறிப்பிலும் அதை அப்படியே எழுதினேன்.

"என்னம்மா இது, நம்ம வாயாலயே நம்மள மாட்டிவிடுற?" என்றார் காவ்.

"படிச்சாத்தானே சார் மாத்துவாங்க?"

"மாத்தாம எங்க போயிடுவாங்க? எப்பவும் போடுற வரியப் போடு."

போட்டேன். போட்ட கையை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாளே ஆ-குவான் போன் செய்தான். கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேலே பிராசசரையும் மெமரியையும் முடுக்கிவிடுகிற ஓவர்கிளாக்கிங் கூட்டத்தில் அவன் சொன்னால் சொன்னதுதான். எந்தப் பதிப்பு வந்தாலும் முதலில் சோதித்து அட்டவணை போடுபவன் அவன். பல வருடப் பழக்கம், எனக்குத் தம்பி மாதிரி.

"அக்கா, பதினஞ்சுல என்ன பண்ணித் தொலைச்சீங்க? எட்டாயிரம் போச்சே!"

"குறிப்புல போட்டிருக்கேனே."

"குறிப்புல ஒரு மண்ணும் இல்ல. வேகத்த வெட்டுனதுக்குப் பேரு நிலைத்தன்மையாக்கும்! சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பதினாலுலயே இருந்தா ஏதாச்சும் ஆகுமா?"

வாய் வரைக்கும் வந்தது. ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்ட காகிதமும் கூடவே ஞாபகத்துக்கு வந்தது.

"தெரியலடா," என்றேன்.

அன்று சாயங்காலமே அவன் பதிவு போட்டான். 'பதினைந்து பக்கம் போகாதீர்கள். வேகத்தை வெட்டிவிட்டார்கள். பதினான்குதான் தங்கம்.' கீழே ஆயிரக்கணக்கில் நன்றிகள். ஒவ்வொரு பெயராகப் படித்தேன்.

பதினெட்டு நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஆ-குவான் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தான். அடுத்த வாரக் கணினிக் கண்காட்சியில் எங்கள் மேடையில் அவன்தான் வேகம் காட்டப் போகிறான். அதற்கு ஒத்திகை. இருநூறு பிராசசர்களைச் சலித்து, இரண்டு வருடம் தேடிப் பொறுக்கியெடுத்த ஒரே சிப்பை மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்துக் கொண்டுவந்திருந்தான்.

காவ் என் காதருகே குனிந்தார். "மேடைக்குப் பதினாலையே ஏத்திடு. பதினஞ்சப் போட்டா மானம் போயிடும்."

ஊருக்கெல்லாம் பதினைந்து. மேடைக்குப் பதினான்கு. அதுவும் அந்தப் பிள்ளையின் சிப்பில்!

சொல்லிவிட்டுச் சோதனை மேசைக்குப் போனார். அங்கே பச்சை நிற குவாய் குவாய் பொரிப் பாக்கெட் இருக்கும். இயந்திரம் அடம் பிடிக்காமல் இருக்க இந்த ஊரில் எல்லாரும் வைப்பதுதான். பச்சையாக இருக்க வேண்டும், தேதி தாண்டியிருக்கக் கூடாது, யாரும் தின்னக் கூடாது. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அடியில் அச்சடித்த தேதியை உற்றுப் பார்த்தார்.

"நவம்பர் வரைக்கும் இருக்கு. இனிமே ஒண்ணும் ஆகாது," என்றார்.

எனக்குள் ஏதோ அறுந்தது. பாக்கெட்டைப் பறித்துக் கிழித்து, ஒரு கை அள்ளி வாயில் போட்டேன்.

"ஏய் யுன்-சி! பைத்தியமா பிடிச்சிருக்கு? அதப் போய்த் தின்னுவாங்களா?"

"பொரியோட தேதியக் கண்ணாடியத் தூக்கிட்டுப் பாக்கத் தெரியுதுல்ல? நாம ஏத்துற வோல்ட்ட ஒரு தடவையாச்சும் பாத்தீங்களா சார்?" கத்தியதில் பொரி தெறித்தது. "ஆ-குவான், உன் சிப்ப டப்பாக்குள்ளயே வை. மேசையில கெடக்குற பழைய பிராசசரப் போட்டு, பதினாலுல ஓட்டு. மீட்டர எடு."

நான் காட்டிய இடத்தில் மீட்டர் முனைகளை வைத்தான். 1.42. முனைகளைத் துடைத்து மறுபடி வைத்தான். 1.42. பதினைந்தை ஏற்றி அளந்தான். 1.25.

"மீட்டர்ல ஏதோ கோளாறு," என்றார் காவ். அவரை யாரும் சட்டை செய்யவில்லை. ஆ-குவான் என்னைத்தான் பார்த்தான்.

"நான் போன் பண்ணிக் கேட்டேன்லக்கா?"

"கேட்ட."

"தெரியலன்னு சொன்னீங்க."

"ஆமாடா."

"பதினெட்டு நாளா மாத்தாதீங்க, மாத்தாதீங்கன்னு இந்த வாயால கத்திட்டு இருந்திருக்கேன். அவனவன் ராத்திரி கடையில நின்னு சம்பாரிச்சு வாங்குன பிராசசரு." மாத்திரை டப்பாவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கதவு வரை போனவன் திரும்பினான். "அவரு மேனேஜரு, அப்படித்தான் இருப்பாரு. உங்களுக்கு என்ன வந்துச்சு?"

அவன் போய்விட்டான்.

என் நாற்காலிக்கு வந்தேன். பதிப்புகளை வலைத்தளத்தில் ஏற்றும் அனுமதி என் கணினியில்தான் இருக்கிறது. பதினைந்தை அப்படியே எடுத்துப் பதினாறு என்று பெயரிட்டேன்.

"பதினாறா? அதுல என்னத்த மாத்தின?" காவ் முதுகுக்குப் பின்னால் நின்று பதறினார்.

"நிரல்ல ஒண்ணும் மாத்தல சார்."

குறிப்பில் தட்டினேன்: 'பதினான்காம் பதிப்பு பிராசசரைக் கருக்கும். 1.25 வோல்ட் போக வேண்டிய இடத்துக்கு 1.42 அனுப்புகிறது. இன்றே மாற்றுங்கள். மெமரியின் வேகம் குறையும், குறையட்டும். பதினான்கை எழுதியது நான். ஷீ யுன்-சி.'

அவர் கை என் தோளுக்கு மேல் நீண்டு வருவதற்குள் ஏற்றிவிட்டேன்.

அரை மணி நேரத்தில் ஆ-குவான் தன் பழைய பதிவை எடுத்துவிட்டு, என் குறிப்பை அப்படியே போட்டான். கீழே இரண்டு வரி சேர்த்திருந்தான். 'பதினாறைப் போடுங்கள், இப்போதே. எழுதியவளுக்கு இது முன்பே தெரியும்.'

காவ் யாரிடமோ தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தார். நான் அந்த இரண்டாவது வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது.