காற்று சரியில்லாத மூன்று நாட்கள்

சவ அடக்கத்துக்குப் போட்ட கறுப்புப் பாவாடையை ஒரு கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, பெவர்லி, விமானத்தின் முன்னிருக்கையில் ஏறப் போனாள்.

"அது என் இடம். கத்துக்கிறவங்க பின்னாடிதான்," என்றார் டெரிக்.

இந்தப் பழைய டைகர் மாத் விமானத்தில் அப்படித்தான். சொல்லிக்கொடுப்பவர் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். பின்னால் இருப்பவர் அழுதாலும் சிரித்தாலும் பார்க்க நாதியில்லை. தலைக்கு மேல் கூரையும் கிடையாது.

காலை பதினொன்றுக்குத்தான் அவள் அப்பா வில்ஃபைக் குழியில் இறக்கியிருந்தார்கள். பிறகு தேவாலயக் கூடத்தில் ஹாம் சாண்ட்விச்சும் தேநீரும். கூட்டம் கலையும்போது அம்மா கைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்து அவள் கையில் திணித்தாள். கூரை வேலைக் கூட்டாளிகள் அப்பாவின் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்த சீட்டு. அரை மணி நேரம் விமானம் ஓட்டிப் பார்க்கலாம். இன்றோடு காலாவதி.

"அவருக்குத்தான் குடுத்து வைக்கல. நீயாவது போயிட்டு வாடி," என்றாள் அம்மா.

கொடுத்து வைக்காததற்குக் காரணம் பெவர்லிதான். அம்மாவுக்கு அது தெரியாது. பெவர்லி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பாவின் இதயம் எந்த நிலையில் இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மேலே போய் ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம் அவளைத் தூங்கவிடவில்லை. அவர் மூன்று முறை நாள் குறித்தார். மூன்று முறையும் அவள் திருட்டுத்தனமாக டெரிக்கைக் கூப்பிட்டு ரத்து செய்துவிட்டு, காற்று சரியில்லையாம் என்று அப்பாவிடம் சொன்னாள். ஐம்பது வருஷம் கூரைமேல் நின்று காற்றோடு மல்லுக்கட்டிய மனிதரிடம் சொல்கிற பொய்யா அது! ஒரு தடவை கொல்லைக் கொடியில் படுக்கை விரிப்பு ஆடாமல் அசையாமல் தொங்கியது. அவர் அதைப் பார்த்தார். "அப்படியா," என்றார். பளபளவென்று துடைத்து மாட்டியிருந்த ஷூவைக் கழற்றி வைத்தார்.

போன செவ்வாய்க்கிழமை, டிவி முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார்.

டெரிக் குனிந்து அவள் தோள் வார்களை இறுக்கினார். "உங்கப்பா இங்க வந்திருந்தாரு," என்றார்.

"எப்போ?"

"மூணாவது தடவை நீங்க போன் பண்ணினீங்களே, அன்னிக்கு மத்தியானம். முடிவெட்டப் போறேன்னு வீட்டுல சொல்லிட்டு பஸ் பிடிச்சு வந்துட்டாரு. அதோ அந்த பெஞ்சுல உக்காந்து, இந்த வண்டி நாலு தடவை ஏறி இறங்குறதைப் பார்த்துக்கிட்டே இருந்தாரு."

"நான்தான்னு சொல்லிட்டீங்களா?"

"நான் எதுக்குச் சொல்லணும்? ரத்து பண்றது நீங்கதான்னு அவரேதான் சொன்னாரு. வாங்க, இப்பவே கூட்டிட்டுப் போறேன்னேன். வேண்டாம்னுட்டாரு. 'நான் மேல போனா அவ கீழ செத்துப்போயிடுவா. அவ கேட்டா காத்துன்னே சொல்லிடுங்க'ன்னாரு."

அவள் கேட்கவே இல்லை. அவரும் சொல்லவே இல்லை.

புல்வெளியில் தடதடவென்று ஓடி விமானம் மேலே ஏறியது. முகத்தில் காற்று அறைந்தது. கீழே நார்ஃபோக்கின் வயல்களும், தேவாலயக் கோபுரமும், ஒன்றோடொன்று ஒட்டிய கூரைகளும் தெரிந்தன. அந்தக் கூரைகளில் பாதி அப்பாவின் கை பட்டவை. பெவர்லி வாய்விட்டு அழுதாள்.

தலைக்கவசத்துக்குள் டெரிக்கின் குரல் கேட்டது. "இப்ப வண்டி உங்க கையில."

விமானத்தை வாங்கிக்கொள்பவர் 'என் கையில' என்று வாய்திறந்து பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கொடுத்ததாகக் கணக்கில்லை. ஏறுவதற்கு முன்பே சொல்லியிருந்தார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அவர் அவசரப்படுத்தாமல் ஒரு வட்டம் சுற்றிவந்து, திரும்பவும் அதையே சொன்னார்.

"என் கையில," என்றாள்.

இரண்டு கைகளாலும் இயக்குக்கோலை இறுக்கிப் பிடித்தாள். விமானம் மூக்கை ஆட்டி முரண்டு பிடித்தது.

"கழுத்தை நெரிக்காதீங்க. ரெண்டு விரல் போதும். கொஞ்சம் விடுங்க, அதுவே பறக்கும்."

ஒவ்வொரு விரலாகத் தளர்த்தினாள். ஆட்டம் நின்றது.

முன்னிருக்கையிலிருந்து டெரிக்கின் இரண்டு கைகளும் மெல்ல மேலே எழுந்தன. கையுறை போட்ட கைகள், எதையும் பிடிக்காமல், காற்றில் விரிந்து அப்படியே நின்றன.