சந்தனம் வைத்த நட்டு

கோபி பெரிய டிரைவர் என்று யாராவது சொன்னால் ஹேமாவதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். குமணன்சாவடி சிக்னலில் லாரிக்குப் பக்கத்தில் நிறுத்தினாலே அவனுக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். ஆனால் பேச்சைக் கேட்க வேண்டுமே! காருக்கு ஸ்டிக்கரும் சீட் கவரும் விற்கிற கடைதான் வைத்திருந்தான். அந்த வாசலில் நின்று அவன் வேகத்தைப் பற்றி அளக்கிற அளப்புக்கு, நாலு பையன்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். கட்டிக்கொண்டவளுக்குத் தெரியாதா அவன் பவிசு?

அப்பேர்ப்பட்டவர், நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் சீறிப் பாய்கிற டிராக் ரேஸுக்குக் கார் தயார் பண்ணிவிட்டார். ஓட்டப்போவது அவரா? நல்லா இருக்கே கதை! ஓட்டப்போவது ஹேமாவதியின் தம்பி இளங்கோ. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு பார்க்கிறவன், அக்கா புருஷன் எது சொன்னாலும் வேதவாக்கு என்று தலையாட்டுகிறவன். வீட்டுக்கு ஒரே ஆண்பிள்ளை வேறு.

திருமழிசைக்கு அப்பால் ஒரு தனியார் தார்ப்பாதையில் பந்தயம். ஓடுவதற்கு முன் ஒவ்வொரு காரையும் சோதித்துப் பார்க்க செங்கல்வராயன் என்றொருவர் இருந்தார். கோபியின் கார்ச் சக்கரங்கள் உடம்பைவிட்டு வெளியே துருத்திக்கொண்டு நின்றன. பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று சக்கரத்துக்குப் பின்னால் தடித்தடியாகத் தட்டு வைத்திருந்தான். அதன்மேல் பளபளவென்று மூடி போட்ட நட்டுகள். ஒவ்வொரு நட்டின் மேலும் சந்தனம், குங்குமம்.

"இன்னாப்பா, மூடி நட்டு போட்டுகினு வந்துகீறே?" என்றார் செங்கல்வராயன். "ரேஸ் வண்டிக்குத் தொறந்த நட்டுதான். போல்ட்டு முனை வெளியே தெரியணும். தட்டு வேற வச்சிகீறே. உள்ள எவ்ளோ மரை புடிச்சிகீதுன்னு நான் எப்டிப் பாக்கறது? ஒண்ணக் கழட்டு."

கோபி கையெடுத்துக் கும்பிட்டான். "அண்ணாத்தே, திருவேற்காட்டுல பூஜை போட்டுகினு நேரா வர்றோம். சந்தனம் வச்ச நட்டு. ஓடறதுக்கு முன்னால கழட்டினா சகுனம் சரிப்படாது. ஓடி முடிக்கட்டும், எல்லாத்தையும் கழட்டிக் காட்றேன்."

அதுவரை கறாராகப் பேசிய மனுஷர், சாமி பேரைக் கேட்டதும் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். "சாமி சமாச்சாரம்னா..." என்று மென்று விழுங்கினார். தூ, இவ்வளவுதானா உங்கள் சட்டம் என்றிருந்தது ஹேமாவதிக்கு. கோபி இளங்கோவைப் பார்த்துக் கண்ணடித்தான். கோயிலில் கற்பூரம் காட்டும்போதுகூடப் போனை நோண்டிக்கொண்டிருந்த பக்திமான் இவன்!

அவள் டிக்கியிலிருந்து வீல் ஸ்பானரை எடுத்தாள். கோபி "ஏய் ஹேமா, ஹேமா" என்று பதறுவதற்குள் ஒரு நட்டில் மாட்டி ஏறி மிதித்தாள். இளகியது. அப்புறம் விரலால் இரண்டு திருகு திருகியதும் நட்டு கையோடு வந்துவிட்டது. உள்ளே போல்ட்டு மொட்டையாக எட்டிப்பார்த்தது.

செங்கல்வராயனுக்கு இப்போதுதான் ரோஷம் வந்தது. "போல்ட்டு எவ்ளோ தடியோ அவ்ளோ ஆழமாவது நட்டுக்குள்ள ஏறணும்யா. இதுல பாதி கூட இல்ல. தட்டு வச்சா நீள போல்ட்டு மாத்த மாட்டியா? கெளப்பும்போது மொத்த இழுப்பும் இதும்மேலதான். சக்கரம் ஒரு பக்கம் ஓடும், பையன் ஒரு பக்கம் போவான்."

"அதெல்லாம் தாங்கும் அண்ணாத்தே," என்றான் கோபி, கொஞ்சமும் கூசாமல். "கால் கிலோமீட்டர்தானே, கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்!"

"மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா," என்றான் இளங்கோ. ஹேமாவதி தம்பியை முறைத்தாள். இந்த முட்டாளை என்ன சொல்லித் தடுப்பது? இப்போது இழுத்துக்கொண்டு போனாலும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதே மாமா, இதே கார், வேறொரு இடம்.

அவள் அந்த நட்டைத் திரும்ப மாட்டி, தன் கையாலேயே முறுக்கினாள். தம்பியிடமிருந்து ஹெல்மெட்டைப் பிடுங்கிக் கோபியின் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

"தாங்கும்னு சொன்னல்ல? நீயே ஓட்டுய்யா."

"எனக்கு முதுகுவலி, உனக்கே தெரியும்."

"கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்னியே. ஒக்காரு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யாரோ விசில்கூட அடித்தார்கள். கோபி கதவைத் திறந்தான். ஒரு காலை உள்ளே வைத்தான். அந்தச் சக்கரத்தை ஒரு தரம் பார்த்தான். முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது.

"வெளையாடாத ஹேமா," என்று குரல் உடைந்து கத்தினான். "வீலு கழண்டுகினா நான் செத்துடுவேன். எனக்குப் புள்ளகுட்டி கீதுடி!"

சிரிப்பு நின்றுபோனது.

இளங்கோ மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கு யாருமில்லன்னு நெனச்சிகினியா மாமா?" என்றான்.

ஹேமாவதி தம்பியின் கையைப் பிடித்து மெயின் ரோட்டுப் பக்கம் இழுத்தாள்.

"வாடா, பஸ்ஸுல போலாம். கார அவரே ஓட்டிகினு வரட்டும்."