தள்ளி வந்த ஸ்க்ரூக்கள்

மாசி பிறந்ததும் சுவர் முழுக்க ஸ்க்ரூக்கள் தலையை நீட்டத் தொடங்கின. ஒன்றா இரண்டா, வெள்ளைப் பெயிண்டைப் பிளந்துகொண்டு அம்மை போட்ட மாதிரி. கட்டி ஒரு வருடம்கூட ஆகாத வீடு. என் மனைவி ராணி இருந்திருந்தால் காலை டீயோடு இதை வைத்து ஒரு சண்டை போட்டிருக்கலாம். அவள் கார்த்திகையில் போய்விட்டாள். நான் சுவரைப் பார்த்தேன், பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

அவள் செத்த அன்றும் அப்படித்தான். மற்றவர்கள் அழுதார்கள், நான் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன். காலையில் பாத்ரூமிலிருந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். மாரடைப்பு. ஒரு நாள் படுக்கையில் கிடக்கவில்லை, ஒரு கஷ்டம் அனுபவிக்கவில்லை, கொடுத்து வைத்தவள் என்றார்கள். நானும் துக்கம் கேட்க வந்தவர்களிடம் அதையே சொன்னேன். எனக்கு இருந்த ஆறுதல் அது ஒன்றுதான்.

மகள் சுனிதா பாலத்துக்கு அந்தப் பக்கம் நகரத்தில், பபேடானில் இருக்கிறாள். இந்த வீட்டில், தன்லியினில், தனியாக என்ன வேலை, ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருகிறேன், கிளம்பி இருங்கள் என்றாள். வீட்டை வாடகைக்கு விடுவதாகப் பேச்சு. பார்க்க வந்தவர்கள் சுவரைப் பார்த்து முகம் சுளித்தார்கள். போக இஷ்டமா என்று என்னை யாரும் கேட்கவில்லை. சுவரைச் சரி பண்ணுங்கள் என்று சுனிதா சொன்னாள், ஆரம்பித்தேன்.

வீட்டைக் கட்டிய தச்சர் பீர் முகைதீன் வந்து, சுவரைத் தட்டிப் பார்த்தார். பர்மிய வழக்கப்படி மரியாதைக்கு என் பெயருக்கு முன்னால் 'ஊ' போட்டுத்தான் கூப்பிடுவார்.

"மரம் காயலை, ஊ நல்லையா. அப்பவே சொன்னேன்ல. ஈரச் சட்டத்துல ஜிப்சம் போர்டை அடிச்சா, வெயில் வந்ததும் சட்டம் சுருங்கும். ஸ்க்ரூ நின்ன இடத்துலயே நிக்கும், தலை வெளிய வந்துரும்."

"இப்ப என்ன பண்றது?"

"தலையை அமுக்கி மேல பட்டி பூசிராதீங்க, திரும்ப வந்துரும். அதுக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, புதுசா சட்டத்துல இறக்குங்க. அப்புறம் பழசைக் கழட்டிட்டுப் பட்டி பாருங்க. இல்லாட்டி நானே வந்து பண்ணித் தாரேன்."

"வேணாம். எனக்கு வேற என்ன வேலை இருக்கு."

அவர் அப்போதே சொன்னது உண்மைதான். ஆனால் எங்கள் வீட்டில் இரண்டு பஞ்சாங்கம். ஆனியிலும் ஆடியிலும் நான் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டேன். ராணியின் தாய் பர்மாக்காரி, அந்த வழியில் வாசோ மாதப் பௌர்ணமியிலிருந்து மூன்று மாத பௌத்த நோன்புக்காலத்தில் அவள் வீடு மாற மாட்டாள். ஆவணியில் எனக்குச் சரி என்றால் அவளுக்கு நோன்பு. எல்லாவற்றையும் கழித்தால் ஒன்று வைகாசி, இல்லாவிட்டால் ஐப்பசி. அப்போது நாங்கள் நகரத்துக்குள், மிங்கலா தாங்ஞுன்ட்டில் நான்காம் மாடியில் இருந்தோம், லிப்ட் கிடையாது. முழங்கால் வலியோடு ஐப்பசி வரை அவள் எப்படிப் படி ஏறுவாள்? அதனால் வைகாசிக் கடைசியில், மழையில் ஊறிய சட்டத்தின் மேலேயே போர்டை அடித்து அவசரமாகக் குடி வந்தோம். இப்படி ஒரு தப்பைச் செய்ய எங்களால்தான் முடியும்.

கரண்ட் இருக்கும்போது ட்ரில் வேலை, போய்விட்டால் உப்புத்தாள். கூடம் முடிந்தது, சமையலறை முடிந்தது. கை பாட்டுக்கு வேலை செய்தது, எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மரத்துப் போன காலை ஊன்றி நடக்கிற மாதிரி இருந்தது.

சனிக்கிழமை படுக்கையறைக்கு வந்தேன். மற்ற சுவர்களில் ஸ்க்ரூக்கள் தாறுமாறாகத் தலை நீட்டியிருந்தன. இந்தச் சுவரில் கட்டிலில் தொடங்கி பாத்ரூம் கதவு வரைக்கும் ஒரே மட்டத்தில், சட்டத்துக்கு ஒன்றாக வரிசை கட்டி நின்றன. கையை வைத்து அழுத்தினேன். போர்டே உள்ளே போய்த் திரும்பி வந்தது. கூடத்தில் எந்த இடத்திலும் போர்டு இப்படி ஆடவில்லை. மரம் சுருங்கினதால் மட்டும் வந்த கோளாறு இல்லை இது. யாரோ ஒருவர் தினமும் இதே இடத்தில் பாரத்தைப் போட்டு ஊன்றியிருக்க வேண்டும். எனக்கு அது இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. ராணி என் தோளுக்குத்தான் வருவாள், அவளுக்கு அது கை ஊன்றி நடக்க வாகான நெஞ்சு உயரம்.

அவள் போன பிறகுதான் நான் வேலையை விட்டேன், அதுவரை விடிந்ததும் பாலம் தாண்டி வேலைக்குப் போய் இருட்டித் திரும்புகிறவன். திரும்பும்போது அவள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். இன்னிக்கு எப்படி இருக்கே என்பேன். "எனக்கென்ன, ஏறி இறங்கப் படியா கிடியா, ராணி மாதிரி இருக்கேன். நீங்களே டீயைப் போட்டுக் குடுங்க" என்பாள். சொகுசு கண்டுவிட்டாள் என்று கேலி செய்துகொண்டே போட்டுக் கொடுப்பேன்.

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன். அந்தச் சுவரில் அதற்கு மேல் கை வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சுனிதா வாடகை வண்டியைத் தெருவில் நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். எல்லாச் சுவரையும் தடவிப் பார்த்துக்கொண்டே படுக்கையறைக்கு வந்தாள்.

"இதை ஏன்ப்பா விட்டுட்டீங்க?"

"உங்கம்மா சுவரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடந்திருக்கா. எத்தனை மாசமோ தெரியலை."

அவள் ஆச்சரியப்படவில்லை. கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்தாள்.

"தெரியும்ப்பா."

"என்ன தெரியும்?"

"ஆவணியிலயே நெஞ்சை அடைக்குதுன்னாங்க. நான்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். ஆபரேஷன் வேணாம்னு ஒரே பிடிவாதம். அப்பாகிட்ட சொல்லிராதே, எனக்காகத்தானே இந்த வீட்டைக் கட்டினாரு, நான் இங்க வந்து நல்லா இருக்கேன்னே நெனச்சுக்கிட்டு இருக்கட்டும்னாங்க."

எனக்குத் தலைக்கு ரத்தம் ஏறியது. கோபம். கார்த்திகைக்குப் பிறகு எனக்கு ஒன்று உறைத்தது என்றால் அதுதான். மகள் மேல் இல்லை, செத்துப்போனவள் மேல். உப்புக் கொஞ்சம் கூடினாலும் என்னோடு மல்லுக்கு நின்றவள், இதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. கல்லுளிமங்கி.

"நான் பக்கத்துலதானே படுத்திருந்தேன்" என்றேன். "என் கையைப் பிடிச்சா என்னவாம் அவளுக்கு?"

சுனிதா முகத்தைப் பொத்திக்கொண்டாள். நானும் அழுதுகொண்டிருக்கிறேன் என்பது சட்டை நனைந்த பிறகுதான் தெரிந்தது. வெளியே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.

"அவனைப் போகச் சொல்லு" என்றேன்.