டர்னில் நிற்பவர் முதல் கையெழுத்து

1.

சென்னீர்குப்பம் லோடு ஸ்டாண்டில் தைரியத்தின் விலை திங்கட்கிழமை முந்நூறு ரூபாய். செவ்வாய்க்கிழமை நானூறு. புதன்கிழமை ஐந்நூறு. தங்கம்கூட இந்த வேகத்தில் ஏறி நான் பார்த்ததில்லை. வெங்காய மண்டிக்காரரின் மகன் நான். எது எந்த விலைக்குப் போனாலும் முகத்தில் காட்டாமல் இருக்கப் பழகியவன். இந்த விலைக்கு மட்டும் டீ புரையேறிவிட்டது.

விலையை முதலில் சொல்லிவிட்டு மூட்டையைப் பிறகு அவிழ்ப்பது கெட்ட வியாபாரம். கதைக்கு அது சரிப்படும் என்கிறார்கள். பார்ப்போம்.

உண்மையில் இது கதையாகத் தொடங்கவே இல்லை. எங்கள் வணிகர் சங்க ஆண்டு மலருக்கு ‘கூட்டுறவுத் தொழில் தொடங்குவது எப்படி?’ என்று கட்டுரை கேட்டார்கள். சன்மானம் நானூறு ரூபாய். என்னுடைய டைல்ஸ் கடைக்கு எதிர்ச்சாரியில் லோடு வண்டிக்காரர்கள் சங்கம் ஆரம்பிக்கப் போகிறார்கள் என்று கேள்வி. உதாரணம் தேடி அலைய வேண்டாம், ரோட்டைக் கடந்தால் போதும் என்று ஒப்புக்கொண்டேன்.

2.

கட்டுரையின் முதல் வரைவு:

“கூட்டுறவுத் தொழிலின் முதல் படி, பொதுவான தேவை ஒன்றைக் கண்டறிவது. இரண்டாம் படி, ஒருவரையொருவர் நம்பும் உறுப்பினர்களைத் திர—”

[‘திரட்டுவது’ என்று முடிந்திருக்க வேண்டும். ‘ஒருவரையொருவர் நம்பும்’ என்று எழுதியதுமே பேனா மக்கர் செய்தது.]

இரண்டாம் வரைவு, கதையாக:

“மேகங்கள் திரண்டிருந்த அந்தக் காலைப் பொழுதில்—”

[மேகம் இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது.]

மூன்றாவதாக ஒரு சிக்கல். சங்கத்தைப் பதிவு செய்ய ஒரு கூட்டமே வேண்டும். சிறுகதைக்கோ மூன்று பேருக்கு மேல் போனால் வாசகருக்குத் தலை சுற்றும். ஆகவே மூன்று பேரைத்தான் பேர் சொல்லி எடுத்திருக்கிறேன். மற்ற ஓட்டுநர்கள் மன்னிக்க வேண்டும்.

ஒருவர் தங்கவேல். குட்டியானை வண்டி ஓட்டுபவர், சங்கம் என்ற யோசனையின் தகப்பன். இன்னொருவர் யுவராணி. கணவன் இறந்தபின் அவன் வண்டியைத் தானே ஓட்டுகிறாள்.* மூன்றாமவர் தேவராஜ், புரோக்கர். ஸ்டாண்டுக்கு வரும் லோடு எல்லாம் அவர் போன் வழியாகத்தான் வரும், கமிஷனைப் பிடித்துக்கொண்டு.

* முதலில் இவளை இட்லிக் கடைக்காரி ஆக்க நினைத்திருந்தேன். பெண் லோடு வண்டி ஓட்டுகிறாள் என்றால் மலருக்காக ஜோடித்தது என்பார்களே என்று பயம். அவளிடமே சொன்னேன். “இட்லி சுட்டா வண்டி டியூ யாரு கட்றது மொதலாளி?” என்றாள். திரும்ப வண்டியில் ஏற்றிவிட்டேன்.

3.

இப்போது மூட்டையை அவிழ்க்கிறேன்.

திட்டம் நல்ல திட்டம். ஆளுக்கு ஆயிரம் ரூபாய் பங்கு, ஆளுக்கு ஒரு ஓட்டு. புரோக்கர் இல்லாமல் கம்பெனிகளோடு நேரடியாகப் பேசுவது. அம்பத்தூரில் ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனி மாதம் முழுக்க லோடு தரத் தயார். ஒரே நிபந்தனை: சங்கம் பதிவுக்கு விண்ணப்பித்த ரசீதை வியாழக்கிழமை மாலைக்குள் காட்ட வேண்டும்.

ஞாயிறன்று தேவராஜ் ஸ்டாண்டுக்கு வந்தார். சத்தம் போடவில்லை.

“இன்னா மாமே, சங்கமா? நல்லா நடத்துங்கோ. மொதல் கையெழுத்து எவன் போடுறானோ அவனுக்கு மட்டும் எங்கிட்ட இனிமே லோடு கெடையாது. மத்தவங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல.”

வியாபாரி நான் சொல்கிறேன், இது உயர்ந்த ரகம். எல்லோரையும் மிரட்டினால் எல்லோரும் சேர்ந்துவிடுவார்கள். ஒருவனை மட்டும் மிரட்ட வேண்டும், அந்த ஒருவன் யார் என்று சொல்லக் கூடாது.

யார் முதலில் போடுவது? ஸ்டாண்டில் இருப்பது ஒரே சட்டம், டர்ன். வரிசையில் முதலில் நிற்கும் வண்டிக்கு அடுத்த லோடு. போய்வந்தால் கடைசியில் நிற்க வேண்டும். அதே சட்டம்தான் கையெழுத்துக்கும் என்று முடிவானது: காலை பத்து மணிக்கு டர்னில் முதலாவதாக நிற்பவர் முதல் கையெழுத்து. எல்லோருக்கும் திருப்தி.

திங்கட்கிழமை ஒன்பதே முக்காலுக்கு முதலில் நின்றவர், ஆயிரத்து இருநூறு வாங்கும் ஆவடி லோடை தேவராஜ் சொன்ன தொள்ளாயிரத்துக்கு எடுத்துக்கொண்டு பறந்தார். அடுத்தவரும் அப்படியே. பத்து மணிக்கு ஸ்டாண்டில் விண்ணப்பம் இருந்தது, பேனா இருந்தது, வண்டி இல்லை. செவ்வாயன்று தேவராஜ் எண்ணூறு என்றார். அதற்கும் ஓடினார்கள். புதன்கிழமை எழுநூறு.

வாடகையை ஏற்றத் தொடங்கிய சங்கம், தொடங்குவதற்குள் வாடகையை ஐந்நூறு இறக்கிவிட்டது. கட்டுரையில் இதை எந்தப் படியில் சேர்ப்பது?

4.

புதன்கிழமை டர்னில் முதலாவதாக நின்றவர் தங்கவேல்.

[இங்கே அவர் பேனாவை எடுத்திருந்தால் கதை இரண்டு பக்கத்தில் முடிந்திருக்கும்.]

“அண்ணே, பத்தாவப் போவுது,” என்றாள் யுவராணி. அவள் வண்டி நாலாவதாக நின்றது. “போடு.”

“போட்றேன்மா. கைல கிரீஸு கீது. பேப்பர்ல ஒட்டிக்கும்.”

“தொடச்சிக்கோ.”

“துணி வண்டிக்குள்ள கீது.”

துணி எடுக்க வண்டிக்குள் ஏறியவர் அப்படியே ஸ்டார்ட் செய்தார். என் கடை டைல்ஸ்தான், ஆவடிக்கு, எழுநூறு ரூபாய். பின்னாலிருந்த இரண்டு வண்டிகளும் எதற்கென்றுகூடக் கேட்காமல் அவரைத் தொடர்ந்தன. ஒன்றில் லோடே இல்லை.

“யோவ் அண்ணாத்தே! நீ பெத்த சங்கம்தானே?” என்று அவள் கத்தியது எதிர்ச்சாரியில் என் கல்லா வரை கேட்டது. டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு திரும்பிப் பார்த்தாள். அவள் முன்னால் வண்டியே இல்லை. பத்து மணி தாண்டிவிட்டதால் அன்றைக்குத் தப்பினாள்; நாளைக் காலை முதல் வண்டி அவளுடையது.

5.

இன்று வியாழக்கிழமை. மணி ஒன்பதே முக்கால். கதை எழுதிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே நடக்கிறது. இது இலக்கிய உத்தி இல்லை, நான் தாமதமாக எழுத ஆரம்பித்ததன் விளைவு.

யுவராணி டர்னில் முதலாவது. இரண்டு மாத டியூ பாக்கி. மூன்றாவதும் தவறினால் பைனான்ஸ்காரன் வண்டியை எடுத்துப் போவான். ஒரு டியூ எட்டாயிரத்து இருநூறு, கடைசி நாள் நாளை. இதெல்லாம் தேவராஜுக்குத் தெரியும். அதனால் அவளுக்கு எழுநூறு ரூபாய் லோடு வரவில்லை. ஓசூர் லோடு வந்திருக்கிறது. டீசல், சுங்கம் எல்லாம் போக எட்டாயிரத்து ஐந்நூறு கையில் நிற்கும். வழக்கத்தைவிட இரண்டாயிரம் கூட.

அந்த ஓசூர் லோடும் என்னுடையதுதான். நேற்று தேவராஜ், “மொதலாளி, நாளன்னிக்குப் போற சரக்க நாளைக்கே ஏத்துங்க, கூடுற காச நான் போட்டுக்கறேன்,” என்றபோது, ஏன் என்று கேட்க வேண்டும் எனத் தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன். லாபமாக வரும்போது ஏன் என்று கேட்டுப் பழக்கமில்லை.

முடிவுகள் கைவசம் இரண்டு உண்டு.

அ) அவள் கையெழுத்துப் போடுகிறாள். வெட்கப்பட்டு மற்றவர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு வருகிறார்கள். மலர் ஆசிரியர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். எனக்கு நம்பிக்கை இல்லை. வெட்கம் வண்டியைத் திருப்பி நான் பார்த்ததில்லை.

ஆ) அவள் ஓசூர் போகிறாள். டியூ கட்டுகிறாள். சனிக்கிழமையிலிருந்து ஆவடி லோடு அறுநூறு. இது நடக்கக் கூடியது. அதனாலேயே எழுதக் கை வரவில்லை.

ரோட்டைக் கடந்து போனேன். விண்ணப்பம் பிளாஸ்டிக் உறைக்குள் அவள் ஸ்டியரிங்மேல் கிடந்தது. மூடி கழற்றிய பேனா கையில்.

“இன்னா மொதலாளி, என்னப் பத்தி இன்னும் எயுதிகினுதான் கீறீங்களா?”

“ஆமாம்மா. முடிவுதான் வரலை.”

“கதைல நான் கையெயுத்து போட்றேனா?”

“போட்டா நல்லா இருக்கும்னு தோணுது.”

“யாருக்கு?”

என் கடைப் பக்கம் பார்த்தேன். அவள் விடவில்லை.

“போட்டா டியூ நீங்க கட்டுவீங்களா? சும்மா குடுக்க வேணாம். லோடு குடுங்க. தேவராஜு இல்லாம, நேரா எனக்கு. அதே ஓசூர் லோடு, கூடுதல் காசுகூட வேணாம். வயக்கமான ரேட்டு. டியூக்குக் கொறையிற காச மட்டும் முன்பணமா குடுங்க, அடுத்த டிரிப்புல கயிச்சிக்கலாம்.”

நியாயமான பேரம். இதைவிடக் குறைத்து யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் கொடுத்தால் நாளை முதல் தேவராஜ் என் சரக்கைத் தொட மாட்டார். கோயம்பேட்டிலிருந்து குமணன்சாவடி வரை புரோக்கர்கள் எல்லாம் அவருக்கு மச்சான் மாமன். அதாவது, முதல் கையெழுத்துக்கு அவள் கொடுக்கும் அதே விலையை நானும் கொடுக்க வேண்டும்.

என் போன் அடித்தது. தேவராஜ்.

“மொதலாளி, ஓசூர் லோடு ஏத்தலாமா?”

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனா முனை உறைமேல் தட்டிக்கொண்டிருந்தது.

“அஞ்சு நிமிஷம் குடு தேவராஜு,” என்றேன்.

6.

இதற்குமேல் எழுதினால் நான் நல்லவனாகி விடுவேன், இல்லையென்றால் வேறு மாதிரி ஆகிவிடுவேன். இரண்டையும் என் கையாலேயே எழுதிக்கொள்வது முறையில்லை. அந்த ஐந்து நிமிடத்தை உங்களிடம் தருகிறேன். நீங்கள் போன் செய்ய வேண்டியது யாருக்கு என்று உங்களுக்குத் தெரியும்.

என்னால் முடிந்தது கணக்கை முடித்துக் கொடுப்பது.

யுவராணி, ஓசூர் போனால்: வரவு 8,500. டியூ 8,200. கையில் 300. அதாவது, தைரியத்தின் திங்கட்கிழமை விலை.

யுவராணி, கையெழுத்துப் போட்டால்: பங்குத் தொகை 1,000. டியூ 8,200. வரவு என் பதிலைப் பொறுத்தது.

நான்: ஓட்டுநர்கள் பயந்து ஓடிய என் மூன்று ஆவடி லோடில் வாடகை குறைந்தது 1,200; தேவராஜ் தன் பாதியை எடுத்தது போக எனக்கு மிச்சம் 600. மலர் சன்மானம் 400. மொத்த வரவு 1,000.

சரியாக ஒரு பங்கின் விலை. செலவு, இதுவரை, ஏதுமில்லை.

பாக்கி: ஒரு பதில்.