பின் இடது சக்கரம்

மீட்டர் போர்டில் அந்த மஞ்சள் விளக்கு முதன்முதலாக எரிந்தபோது அவள் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கையேட்டைப் புரட்டினாள். சறுக்கும் கார் மாதிரி ஒரு படம். வண்டி வழுக்கினால் தானாகப் பிடித்து நேராக்கும் ஏற்பாடு வேலை செய்யவில்லை என்று அதற்கு அர்த்தம். அன்றைக்கே ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய்க் காட்டினாள்.

ஒர்க்‌ஷாப் முதலாளி அவள் கணவனோடு ஒரே பெஞ்சில் படித்தவர். ஒரு கருவியைச் செருகி, பொத்தானை அமுக்கி, விளக்கை அணைத்துக் கொடுத்தார். "சென்சார்ல தூசி, சிஸ்டர். கண்டுக்காதீங்க." பத்து நாளில் மறுபடி எரிந்தது. மறுபடி அணைத்தார். மூன்றாவது முறை எரிந்தபோது கணவனுக்கே சலிப்பு வந்துவிட்டது.

"அவனே ஒண்ணுமில்லைன்னுட்டான். நீ ஏன் அந்த லைட்டையே முறைச்சுக்கிட்டு இருக்க? ரோட்டைப் பார்த்து ஓட்டு."

திங்கட்கிழமை காலை மழையில் அவள் ரோட்டைப் பார்த்துத்தான் ஓட்டினாள். வளைவில் எதிரே வந்த லாரி கொஞ்சம் உள்ளே ஏறியது. ஸ்டீயரிங்கை ஒடித்தாள். காரின் பின்பக்கம் தனியே விலகிப் போனது. வண்டி முழுச் சுற்றுச் சுற்றி, நடைபாதை விளிம்பில் இடித்து நின்றது. பின் சீட்டில் ஏழு வயது மகள். பெல்ட் போட்டிருந்ததால் தோளில் ஒரு கன்றலோடு தப்பினாள். அவள் அழவில்லை.

"அம்மா, வேணும்னே சுத்துனியா?" என்று கேட்டாள்.

மறுநாள் ஒர்க்‌ஷாப் ஷட்டரைத் தூக்கும்போதே அவள் வாசலில் நின்றிருந்தாள். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி வேலை. அன்றைக்கு லீவு சொல்லிவிட்டாள்.

"வண்டியை விட்டுட்டுப் போக மாட்டேன். என் கண்ணு முன்னாடி பாருங்க."

முதலாளி சிரித்தார். "மழையில எல்லா வண்டியும்தான் வழுக்கும், சிஸ்டர். பயத்துல பிரேக்கை மிதிச்சிருப்பீங்க. முதல்ல ஒரு டீ சாப்பிடுங்க."

"நான் உங்க சிஸ்டர் இல்ல. டீ குடிக்கவும் வரல."

ஸ்பேனர் சத்தமெல்லாம் நின்றுபோயிற்று. முதலாளி முகம் சுருங்கிக் கண்ணாடி அறைக்குள் போனார். ஒரு நிமிடத்தில் அவள் போன் அடித்தது. கணவன்.

"ஏன் அங்க போய் சீன் போடுற? பத்து பேர் நடுவுல அவனுக்கு எவ்வளவு அசிங்கம்?"

"உங்க பொண்ணு தோளைப் பார்த்தீங்கல்ல? அவனுக்கு அசிங்கம்னா உங்களுக்குத் தாங்கல. அவளுக்கு வலிச்சா தாங்குதா?"

பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்தாள். 

"எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

ஐம்பது வயதிருக்கும் ஒல்லியான மனிதர் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "எப்போ எரியுது மேடம்? ஸ்டார்ட் பண்ணும்போதா, ஓடும்போதா?"

மூன்று வாரத்தில் யாரும் கேட்காத கேள்வி. "வேகத்தடையில ஏறி இறங்கினா எரியுது."

"அப்போ தூசி இல்ல."

கருவியைச் செருகிக்கொண்டு அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார், அவளே ஓட்டினாள். திரையில் நாலு சக்கரத்தின் வேகமும் நாலு கோடுகளாக ஓடின. எல்லாம் முப்பதில் இருந்தன. வேகத்தடையில் பின்பக்கம் இறங்கியதும் மூன்று கோடுகள் அப்படியே இருக்க, நாலாவது சடாரென்று சுழியத்துக்கு விழுந்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது.

"பின் இடது" என்றார். "அந்தச் சக்கரம் எவ்வளவு வேகத்துல சுத்துதுன்னே தெரியலைன்னா கம்ப்யூட்டர் எதைன்னு பிடிக்கும்? மொத்தமா கையைத் தூக்கிடும்."

வண்டியை லிஃப்டில் ஏற்றி டார்ச் அடித்துக் காட்டினார். சக்கரத்திலிருந்து வரும் மெல்லிய வயர். அதைப் பிடிக்க வேண்டிய கிளிப்பைக் காணோம். யாரோ பிளாஸ்டிக் பட்டை போட்டு ஷாக் அப்சார்பரோடு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். சக்கரம் இறங்கும்போதெல்லாம் வயர் இழுபட்டு, தோல் கிழிந்து, உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது.

"ஷாக் அப்சார்பர் எங்க மாத்துனீங்க?"

"இங்கதான். ரெண்டு மாசம் ஆச்சு."

எலக்ட்ரீஷியன் டார்ச்சை அணைத்தார். முதலாளி பக்கம் திரும்பினார். "அண்ணே, விளக்கை அணைச்ச ரெண்டு தடவையும் பின்பக்க வயரைப் பார்க்கணும்னு இந்த வண்டி ஜாப் கார்டுல எழுதிக் கொடுத்தேனே."

அதுவரை கத்திக்கொண்டிருந்தவளின் குரல் தணிந்துவிட்டது. "தெரிஞ்சே தூசின்னு சொன்னீங்களா?"

"தெரியும்னு இல்ல... வேலை நெருக்கடி. சின்ன வயருதானே, இவ்வளவு தூரம் போகும்னு நினைக்கல. புது சென்சார் ஃப்ரீயா போட்டுத் தர்றேன்."

"போடுங்க. என்ன காரணம்னு எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுங்க."

"எழுத்தெல்லாம் எதுக்கு? நம்ம வீட்டுக்குள்ள முடியற விஷயம்."

"என் பொண்ணு ரோட்டுல சுத்துனா. வீட்டுக்குள்ள இல்ல."

எலக்ட்ரீஷியன் மேசையிலிருந்த பேடை இழுத்து எழுதத் தொடங்கினார்.

"யோவ், என்ன பண்றே?"

"பார்த்ததை எழுதறேண்ணே."

ஒரு மணி நேரத்தில் வயரோடு புது சென்சார் வந்தது. கிளிப்பை அதன் இடத்தில் மாட்டி, சக்கரத்தை முழுக்கத் தொங்கவிட்டும் தூக்கியும் வயர் இழுபடவில்லை என்று பார்த்தார். கம்ப்யூட்டரில் இருந்த பழைய பழுதுப் பதிவை அழித்தார். அதே வேகத்தடையில் ஐந்து முறை ஏறி இறங்கினார்கள். நாலு கோடும் சேர்ந்தே ஓடின. விளக்கு எரியவில்லை.

மாலையில் கணவன் அந்தக் காகிதத்தை நின்றபடியே இரண்டு முறை படித்தான். முகம் சிவந்தது. உடனே நண்பனுக்குப் போன் போட்டான். "டேய், மனுஷனாடா நீ? உன்னை நம்பித்தானே அனுப்பினேன்?"

ஐந்து நிமிடம் கத்தித் தீர்த்துவிட்டு, பெரிய காரியம் முடித்தவன் போல அவளைப் பார்த்தான்.

"சூடா கொடுத்துட்டேன். இப்போ திருப்தியா?"

"மூணு வாரமா நான் வாயால சொன்னேன். அப்போ உங்களுக்கு ரத்தம் கொதிக்கல. வேற ஒருத்தர் எழுதிக் கொடுத்தாதான் கொதிக்குமா?"

அவன் காகிதத்தை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். அவள் அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, மகளின் தோளுக்கு மருந்து தடவ உள்ளே போனாள்.