நூற்றுப் பதினாறு டிகிரி

மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் மாமனார் வாயை மூடிக்கொண்டார். அதுவரை, "எண்பத்தெட்டு... தொண்ணூறு... நல்லா இருக்கும்மா" என்று கியர் எண்ணெயின் சூட்டைக் காட்டும் மீட்டரைச் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தவர்.

"என்ன மாமா, இப்ப எவ்வளவு?"

"நீ ரோட்டப் பாரு."

வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த மருமகள் மீட்டரை எட்டிப் பார்த்தாள். நூற்றுப் பதினாறு.

பின்னால் ட்ரெய்லரில் நாற்பது தேனீப் பெட்டிகள். அவள் வளர்த்தவை. மேலே பூத்திருந்த தோட்டத்தில் விடியும்போதே இறக்கியிருக்க வேண்டும். வழியில் டயர் பஞ்சராகி இரண்டு மணி நேரம் போயிருந்தது. வாசலில் வலை அடித்த பெட்டிக்குள் காற்று ஓடும்வரைதான் தேனீக்கள் தாங்கும். இந்த வெயிலில் வண்டி நின்றால் உள்ளேயே வெந்துவிடும். நிற்காமல் போனாலோ கியர்பாக்ஸ் போய்விடும்.

போன வருஷம் இதே ஏற்றத்தில்தான் பழைய கியர்பாக்ஸ் கருகியது. ஆட்டோமேட்டிக் வண்டியில் பாரம் இழுத்தால் கியர் எண்ணெய் இப்படிக் கொதிக்கும் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. இந்த முறை எண்ணெயைக் குளிர வைக்கத் தனியாக ஒரு கூலர் வாங்கி மாட்டச் சொன்னாள். மாட்டிய மெக்கானிக்குக்குக் 'காது' என்று பட்டப்பெயர். இன்ஜின் ஓடும் சத்தத்தை வைத்தே வியாதி சொல்கிறவர். அவர் அன்றே சொல்லியிருந்தார்: "எண்பதுக்கு மேல, தொண்ணூத்தஞ்சுக்குள்ள இருந்தா கவலையே வேணாம். நூத்திப் பத்தத் தாண்டுனா எனக்கு போன் பண்ணுங்க. ரொம்பக் குளுந்தாலும் ஆகாது, கியர் இடிச்சு இடிச்சு விழும்."

சற்று அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டினாள். மாமனார் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு பெட்டிகளை நனைக்க ஓடினார். அவள் போன் போட்டாள்.

"வண்டிய அணைச்சிடாதீங்க," என்றார் காது. "பார்க்கிங்ல போட்டு ஓட விடுங்க, எண்ணெய் கூலருக்குள்ள சுத்தட்டும். இப்ப கியர் எண்ணெய் அளவுக்குச்சிய உருவுங்க. என்ன கலரு?"

"சிவப்பு."

"மோந்து பாருங்க."

போன வருஷம் மூக்கைத் துளைத்த கருகல் வாடை இன்னும் நினைவில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள். ஒன்றுமில்லை.

"வாடையே இல்லண்ணே."

காதுக்குச் சந்தேகம் தட்டியது. "ஆமா, மீட்டர நான் மாட்டலயே. யாரு மாட்டுனா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். மாமனார் ஏற்கெனவே சொட்டச் சொட்ட நனைந்திருந்த பெட்டியையே மறுபடியும் நனைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, சென்சார எங்க மாட்டுனீங்க?"

"கியர்பாக்ஸ்ல இருந்து கூலருக்குப் போற குழாயில. அடித்தொட்டில மாட்டணும்னா எண்ணெய் மொத்தத்தையும் வடிக்கணுமேம்மா. ஞாயித்துக்கிழமை அதை யாரு செய்வா?"

போனில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த காது வெடித்துச் சிரித்தார். "எண்ணெய் இருக்கறதிலயே ரொம்பச் சூடா வர்ற இடம் அதுதாங்க! அங்க நூத்திப் பதினாறுன்னா, தொட்டில தொண்ணூத்தஞ்ச ஒட்டித்தான் இருக்கும். நான் சொன்ன கணக்கெல்லாம் தொட்டிக்கு. உங்க வண்டிக்கு ஒண்ணும் ஆகல. சின்ன கியர்ல போட்டு மெதுவா ஏறுங்க, தானா எறங்கும்."

அவளுக்குச் சிரிப்பதா, மாமனாரைத் திட்டுவதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் நேரமில்லை.

சின்ன கியரில் வண்டி முனகிக்கொண்டே ஏறியது. மாமனார் மெல்லிய குரலில் மறுபடியும் வாசிக்கத் தொடங்கினார். நூற்று ஏழு. நூற்று இரண்டு. உச்சியில் பாதை சமமானபோது எண்பத்தொன்பது.

தோட்டத்தில் இறங்கியதும் முதல் பெட்டியின் வலையைப் பிடுங்கினாள். ஒன்றும் வரவில்லை. குனிந்து பெட்டியில் காதை வைத்தாள். உள்ளே ரீங்காரம் கேட்டது. ஒரு தேனீ எட்டிப் பார்த்தது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் கொத்துக் கொத்தாக. நாற்பதையும் திறந்து முடித்தபோது தோட்டமே இரைந்தது. ஒரு பெட்டிகூடப் பழுதில்லை. புல்லில் அப்படியே மல்லாந்து படுத்துவிட்டாள்.

மாமனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"வீட்ல அவன்கிட்ட இதெல்லாம் சொல்லணுமாம்மா?"

"உங்க பிள்ளைகிட்ட நான் எதுக்கு மாமா சொல்லப்போறேன்? திரும்பறப்ப நீங்க ஓட்டுங்க. எனக்குத் தூக்கம் வருது."

இறங்கும் வழியில் முதல் வளைவு வருவதற்குள் அவள் தூங்கிப்போனாள்.